777 போடுவதற்கு முன்

லினக்ஸ், மேக், ஃப்ரீபிஎஸ்டி கணினிகளை ஒரே வலையமைப்பில் பராமரிக்கும் சிஸ்டம் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

கல்லூரி ஆய்வகத்திலோ சிறு பதிப்பகத்திலோ ஆராய்ச்சி மையத்திலோ நீங்கள் பார்க்கும் வேலை, அது நின்றுபோகும் நாளில்தான் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. சர்வர் லினக்ஸில் ஓடுகிறது. பக்க வடிவமைப்பு மேக்கில் நடக்கிறது. காப்பு நகல்கள் இசட்எஃப்எஸ் வசதிக்காக ஃப்ரீபிஎஸ்டி பெட்டியில் சேர்கின்றன. மூன்றும் யூனிக்ஸ் வழி வந்தவை. மூன்றுக்கும் என்எஃப்எஸ் தெரியும். இருந்தும் ஃபோல்டர் திறக்கிறது, கோப்புகள் வரிசையாகத் தெரிகின்றன, ஒன்றைச் சேமிக்கப் போனால் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்து நிற்கிறது. பின்னால் நான்கு பேர் வேலைக்காகக் காத்திருக்கிறார்கள்.

அந்த அவசரத்தில் கை தானாகப் போகும் இடங்கள் மூன்று. ஃபோல்டருக்குச் ‘சிஹெச்மாட் 777’. எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ‘நோ ரூட் ஸ்குவாஷ்’. அதுவும் பலிக்காவிட்டால் ஃபயர்வாலை நிறுத்திவிடுவது. மூன்றில் ஏதாவது ஒன்று அன்றைக்கு வேலையை ஓட வைத்துவிடும். ஆனால் என்ன கெட்டிருந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போகும். துறை முழுவதன் தரவும் யார் வேண்டுமானாலும் அழிக்கக்கூடிய நிலையில் பல வருடங்கள் கிடக்கும். அந்த மூன்று இடங்களுக்கும் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

இப்படிப் பல வகைக் கணினிகள் கலந்த வலையமைப்பில் பெரும்பாலும் எதுவும் பழுதாகியிருப்பதில்லை. இரண்டு பக்கமும் தத்தம் விதிப்படி சரியாகவே நடக்கின்றன. பயனர் எண், குழு எண், போர்ட், நெறிமுறையின் பதிப்பு, கோப்புப் பெயரின் எழுத்துவடிவம், கடிகாரம் ஆகியவற்றில் எங்கோ ஓரிடத்தில் இரண்டின் விதிகளும் ஒத்துப்போகவில்லை. அந்த ஓரிடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் திருத்தம் பெரும்பாலும் ஒரு வரிதான்.

இந்த முரண் ஏன் வருகிறது என்பதற்குப் பதில் என்எஃப்எஸ் பிறந்த சூழலில் இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-ல் அதை உருவாக்கி, 1985-ல் தன் சன்ஓஎஸ் 2.0-வுடன் வெளியே கொடுத்தது. ஒரே நிறுவனத்தின் கணினிகள், ஒரே நிர்வாகி, பயனர் பட்டியலை எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து வழங்கும் ‘யெல்லோ பேஜஸ்’ என்ற துணைச் சேவை: அதன் பாதுகாப்பு ஏற்பாடு இந்தச் சூழலுக்கே பொருந்தியது. கிளையன்ட் கணினி ஒரு பயனர் எண்ணைச் சொல்லும். சர்வர் அதை நம்பும். கடவுச்சொல் கேட்பதில்லை. பட்டியல் எங்கும் ஒன்றாக இருந்தவரை அந்த நம்பிக்கை போதுமானதாக இருந்தது.

நெறிமுறையின் விவரங்களைச் சன் ஒளித்துவைக்கவில்லை. அந்த விவரங்களைக் கொண்டே கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ரிக் மேக்லம் தனியாக எழுதிய நிரல் 1990-ல் 4.3பிஎஸ்டி-ரீனோவில் சேர்ந்தது. பிஎஸ்டி குடும்பத்துக்கு என்எஃப்எஸ் அப்படித்தான் வந்தது. 1986 முதல் ‘கனெக்டத்தான்’ என்ற பெயரில், சந்தையில் போட்டியிட்ட நிறுவனங்களின் பொறியாளர்கள் தங்கள் இயந்திரங்களை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றோடொன்று பேசவைத்துச் சோதித்தார்கள். 1998-ல் நெறிமுறையின் பொறுப்பு சன்னிடமிருந்து இணையப் பொறியியல் பணிக்குழுவுக்குக் கைமாறியது. இத்தனை கவனத்துக்குப் பிறகும் ஒவ்வோர் இயங்குதளத்தின் சொந்தப் பழக்கங்கள் மிச்சமிருக்கின்றன. உங்கள் தொலைபேசியை ஒலிக்கவைப்பவை அவைதான்.

பயனர் எண்ணிலிருந்து தொடங்குங்கள். மேக்கில் முதலில் உருவாக்கும் பயனருக்கு 501 கிடைக்கிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் 1000. ரெட் ஹேட்டில் ஆறாம் பதிப்புவரை 500, ஏழிலிருந்து 1000. ஃப்ரீபிஎஸ்டியில் 1001. ஒரே ஆள் நான்கு கணினிகளிலும் ஒரே பெயரில் கணக்கு வைத்திருந்தாலும், எண் மாறினால் என்எஃப்எஸ்ஸின் கண்ணுக்கு அவர் வேறு ஆள். ‘பெர்மிஷன் டினைட்’ என்று தடுத்தால் நல்லது, தவறு தெரிந்துவிடும். தடுக்காத நிலைதான் ஆபத்து. ஃப்ரீபிஎஸ்டியின் முதல் பயனரான 1001, லினக்ஸ் சர்வரில் இரண்டாவதாகக் கணக்குத் தொடங்கியவரின் எண். முன்னவர் எழுதும் ஒவ்வொரு கோப்பும் சத்தமில்லாமல் பின்னவருக்குச் சொந்தமாகும். பின்னவருடைய கோப்புகளை முன்னவர் திறக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம். எந்த எச்சரிக்கையும் வராது.

குழு எண்ணிலும் இதே கதை. மேக் பயனரின் முதன்மைக் குழு ‘ஸ்டாஃப்’. அதன் எண் 20. டெபியன் குடும்பத்தில் 20 என்பது ‘டயல்அவுட்’, அதாவது மோடத்தையும் சீரியல் போர்ட்டையும் பயன்படுத்துவோருக்கான குழு. மேக்கிலிருந்து வந்த ஆய்வேடுகளும் அட்டைப்படங்களும் உபுண்டு சர்வரில் டயல்அவுட் குழுவின் சொத்தாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். ஊர்ப் பெயரை விட்டுவிட்டு கதவிலக்கம் 20 என்று மட்டும் எழுதிய தபால், எந்த ஊர்த் தபால்காரர் கையில் கிடைத்ததோ அந்த ஊரின் இருபதாம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதைச் சோதிக்க இரண்டு கட்டளைகள் போதும். கிளையன்ட்டில் ‘ஐடி’ கட்டளை, அந்தப் பயனரின் எண்ணையும் குழு எண்களையும் காட்டும். சர்வரில் ‘எல்எஸ் -எல்என்’ கட்டளை, கோப்பின் உரிமையாளரைப் பெயராக மாற்றாமல் எண்ணாகவே காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல புகார்களுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். நிரந்தரத் தீர்வு, ஒரு பொதுப் பட்டியல். எல்டேப் போன்ற அடைவுச் சேவை இருந்தால் சிறப்பு. இல்லாவிட்டால் ஒரு தாளில் எழுதிவைத்தாலும் சரி. எந்த இயங்குதளமும் தானாகத் தொடாத உயரத்தில், 5000-லிருந்து எண் கொடுக்கத் தொடங்கி, புதிய கணினி எதுவானாலும் அதே ஆளுக்கு அதே எண்ணைக் கொடுங்கள். ஏற்கெனவே இருக்கும் பயனரின் எண்ணை மாற்றும்போது பழைய கோப்புகள் பழைய எண்ணிலேயே தங்கிவிடக்கூடும். ‘ஃபைண்ட்’ கொண்டு அவற்றைத் தேடி உரிமையை மாற்றிய பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

எல்லோரும் எல்லாவற்றையும் எழுத வேண்டிய பொது ஃபோல்டர் ஒன்று உண்மையிலேயே தேவைப்படலாம். அதற்கும் 777 வேண்டாம். லினக்ஸ் சர்வரில் ‘ஆல் ஸ்குவாஷ்’ போட்டு, எந்த எண்ணாக எழுதவேண்டும் என்பதை ‘அனான்யூஐடி’, ‘அனான்ஜிஐடி’ மூலம் சொல்லிவிடலாம். பிஎஸ்டியிலும் மேக்கிலும் அதே வேலையை ‘மேப்ஆல்’ செய்கிறது. யார் எழுதினாலும் கோப்பு அந்த ஒரு பயனருக்கே சொந்தமாகும். மற்ற ஃபோல்டர்களின் கட்டுப்பாடு கெடாது.

ரூட் விஷயத்தையும் இங்கேயே பேசிவிடலாம். சாதாரணப் பயனரால் எழுத முடிகிறது, ‘சூடூ’ போட்டால் முடியவில்லை என்று ஒருவர் வந்து நின்றால் சர்வர் ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள். கிளையன்ட்டின் ரூட், சர்வரில் அதிகாரமற்ற ‘நோபடி’யாக மாற்றப்படுகிறது. ‘நோ ரூட் ஸ்குவாஷ்’ அந்தத் தடையை எடுத்துவிடும். அதன் பிறகு ஒரு மடிக்கணினியில் ரூட்டாக இருப்பவர், செட்யூஐடி பிட் வைத்த ஒரு நிரலைப் பகிர்ந்த ஃபோல்டரில் போட்டு, சர்வரில் ஒரு சாதாரணக் கணக்கு இருந்தாலே அதை அங்கே ரூட்டாக ஓட்டிவிடலாம். மாணவர்கள் சொந்தக் கணினியோடு வரும் இடத்தில் இது விளையாட்டல்ல.

மவுன்ட்டே ஆகவில்லை என்றால் திரையில் வந்த பிழைச் செய்தியை ஒரு சொல் விடாமல் படியுங்கள். ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால் கணினி இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்பதற்குச் சேவை ஓடவில்லை. ‘டைம்டு அவுட்’ என்றால் பாக்கெட்டுகளை யாரோ பதில் சொல்லாமல் கீழே போடுகிறார்கள், பெரும்பாலும் ஃபயர்வால். ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ என்ற செய்தி ஆளை ஏமாற்றும். பிங் போகும், பாதை சரியாக இருக்கும், இருந்தும் இந்தச் செய்தி வரும். ஃபயர்வால்டி தன் மறுப்பைச் சொல்லும் முறையால் கிளையன்ட்டில் அப்படித் தெரிகிறது. ‘ஆக்சஸ் டினைட் பை சர்வர்’ என்று வந்தால் வலையமைப்பில் தேட வேண்டாம்; எக்ஸ்போர்ட்ஸ் கோப்பைத் திறங்கள்.

என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பு, அதாவது 1995-ல் ஆவணமான பதிப்பு, ஒற்றைச் சேவையாக இயங்குவதில்லை. 111-ஆம் போர்ட்டில் ஆர்பிசிபைண்ட், 2049-ல் என்எஃப்எஸ், இவை தவிர மவுன்ட்டி, பூட்டுகளுக்கான லாக்டி, நிலை அறிவிக்கும் ஸ்டாட்டி. நிலையான போர்ட் கொடுக்காவிட்டால் கடைசி மூன்றும் தொடங்கும்போதெல்லாம் வேறு வேறு போர்ட்டில் போய் உட்காரக்கூடும். நேற்று வேலை செய்தது, சர்வரை மறுதொடக்கம் செய்ததும் நின்றுவிட்டது என்றால் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. ஃபயர்வாலை நிறுத்துவதற்குப் பதில் அந்த மூன்றுக்கும் நிலையான போர்ட் எண் கொடுத்து அவற்றை மட்டும் திறந்துவிடலாம். லினக்ஸில் அந்த அமைப்பு ‘/இடிசி/என்எஃப்எஸ்.கான்ஃப்’ கோப்பில் இருக்கிறது. எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை ‘ஆர்பிசிஇன்ஃபோ -பி’ காட்டும்.

நான்காம் பதிப்பு இந்தச் சிக்கலை ஒழித்தது. பூட்டு உட்பட எல்லாமே 2049 வழியாகப் போகிறது. ஆனால் அதோடு ஒரு பொறியும் வந்தது. எதைப் பகிர்கிறது என்று சர்வரைக் கேட்கும் ‘ஷோமவுன்ட் -இ’ கட்டளை பழைய மவுன்ட்டியைத்தான் கேட்கிறது. நான்காம் பதிப்பை மட்டும் வழங்கி 111-ஐ மூடிவைத்த சர்வரில் அந்தக் கட்டளை தோற்கும். சர்வர் செத்துவிட்டதாக நீங்கள் நினைப்பீர்கள். மவுன்ட் செய்தால் உடனே ஆகிவிடும்.

மேக்குக்கு மட்டும் ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ வருகிறது, பக்கத்து லினக்ஸ் கணினிக்கு வரவில்லை என்றால் போர்ட் எண்ணைப் பாருங்கள். லினக்ஸ் சர்வர், எதுவும் சொல்லாமல் விட்டால், 1024-க்குக் கீழ் உள்ள போர்ட்டிலிருந்து வரும் கோரிக்கையை மட்டுமே ஏற்கும். அத்தகைய போர்ட்டை ரூட் மட்டுமே திறக்க முடியும் என்பது பழைய காலக் காப்பு. மேக் கிளையன்ட் அதற்கு மேற்பட்ட போர்ட்டிலிருந்து பேசுகிறது. மேக்கில் ‘ரெஸ்வ்போர்ட்’ விருப்பத்தைச் சேர்த்து மவுன்ட் செய்தால் தீர்ந்தது. சர்வரில் ‘இன்செக்யூர்’ போட்டாலும் ஓடும்; ஆனால் ஒரு மேக்குக்காக எல்லாக் கிளையன்ட்டுகளுக்கும் விதியைத் தளர்த்துவதைவிட மேக்கில் ஒரு சொல்லைச் சேர்ப்பது மேல்.

எக்ஸ்போர்ட்ஸ் கோப்பின் பெயர் எங்கும் ஒன்று, இலக்கணம் வேறு. லினக்ஸில் கிளையன்ட் முகவரிக்குப் பின் இடைவெளி இல்லாமல் அடைப்புக்குறிக்குள் விருப்பங்கள் வரவேண்டும். நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் அர்த்தமே மாறும்: குறிப்பிட்ட கணினிக்கு இயல்பு அனுமதி, அதாவது படிக்க மட்டும், அடைப்புக்குறிக்குள் உள்ள எழுதும் அனுமதி உலகத்துக்கே. கோப்பில் என்ன எழுதினோம் என்பதை நம்பாமல், சர்வர் என்ன புரிந்துகொண்டது என்பதை ‘எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி’ மூலம் பாருங்கள். பிஎஸ்டியிலும் மேக்கிலும் விருப்பங்கள் கோடு போட்டுத் தனித்தனியாக வரும். ஃப்ரீபிஎஸ்டியில் ஒரே கோப்பு முறைமையின் இரண்டு ஃபோல்டர்களை ஒரே கிளையன்ட்டுக்கு இரண்டு வரிகளில் கொடுக்கக் கூடாது. ஒரே வரியில் சேர்க்க வேண்டும். அதன் புகார் திரையில் வராமல் சிஸ்டம் பதிவேட்டில் போய் விழும். மேக்கில் ‘என்எஃப்எஸ்டி செக்எக்ஸ்போர்ட்ஸ்’ என்ற சோதனைக் கட்டளையே இருக்கிறது. 2019-ல் வந்த கேட்டலினாவில் ஆப்பிள் பயனர் தரவைத் தனித் தொகுதிக்கு மாற்றியதால், அதுவரை சரியாக இருந்த பல எக்ஸ்போர்ட்ஸ் வரிகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. ‘/சிஸ்டம்/வால்யூம்ஸ்/டேட்டா’ என்று தொடங்கும் முழுப் பாதையை எழுத வேண்டியதாயிற்று.

இசட்எஃப்எஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அதில் ஒவ்வொரு டேட்டாசெட்டும் தனிக் கோப்பு முறைமை. மூன்றாம் பதிப்பில் மேல் டேட்டாசெட்டை மட்டும் மவுன்ட் செய்தால் உள்ளே இருக்கும் குழந்தை டேட்டாசெட்டுகள் காலி ஃபோல்டர்களாகத் தெரியும். தரவு அழிந்துவிட்டது என்று பதறி யாராவது பழைய காப்பு நகலை அதன்மேல் எழுதிவிடும் முன், சர்வரிலேயே போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றையும் தனியாகப் பகிர்ந்து தனியாக மவுன்ட் செய்தால் எல்லாம் தெரியும்.

பதிப்பு விஷயத்தில் யாருக்கு எது தெரியும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இன்றைய லினக்ஸ் கிளையன்ட் 4.2-ல் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கிக் கேட்கும். மேக் கிளையன்ட்டுக்கு 4.0 தெரியும், ஆனால் மேக் சர்வராக இருக்கும்போது மூன்றாம் பதிப்பைத் தாண்டாது. ஓபன்பிஎஸ்டிக்கு நான்காம் பதிப்பே கிடையாது. ஃப்ரீபிஎஸ்டி சர்வரில் நான்காம் பதிப்பு வேண்டுமானால் சேவையை இயக்குவதோடு எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ‘வி4’ என்று தொடங்கும் வரியும் வேண்டும். பழைய கருவி ஒன்று யூடிபி வழியாக மட்டும் பேசினால் புதிய லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளாது. 2020-ல் வந்த 5.6 கெர்னலிலிருந்து யூடிபி ஆதரவு இயல்பில் அணைக்கப்பட்டிருக்கிறது. உண்மையில் எந்தப் பதிப்பில், எந்த விருப்பங்களோடு மவுன்ட் ஆகியிருக்கிறது என்பதை ‘என்எஃப்எஸ்ஸ்டாட் -எம்’ மூன்று இயங்குதளங்களிலும் சொல்லிவிடும்.

நான்காம் பதிப்பின் மிகப் பெரிய குழப்பம் எல்லாக் கோப்புகளும் ‘நோபடி’க்குச் சொந்தமாகத் தெரிவது. இந்தப் பதிப்பு உரிமையாளரைப் பெயரும் டொமைனும் சேர்ந்த சரமாக அனுப்ப முடியும். லினக்ஸின் ஐடிமேப்டியில் ஒரு டொமைனும் ஃப்ரீபிஎஸ்டியின் என்எஃப்எஸ்யூசர்டியில் வேறொன்றும் இருந்தால் பெயர் புரியாமல் நோபடி ஆகிவிடும். டொமைனை ஒன்றாக்குங்கள், அல்லது இரு பக்கமும் எண்ணையே சரமாக அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. திரையில் தெரியும் பெயருக்கும், எழுத அனுமதி உண்டா என்ற தீர்ப்புக்கும் வழிகள் வேறு. கிளையன்ட் சொல்லும் எண்ணை நம்பும் சாதாரண ஆத்சிஸ் முறையில் தீர்ப்பு இன்னமும் அந்த எண்ணை வைத்தே நடக்கிறது. அதனால் பெயர் சரியாகத் தெரிந்தும் எழுத முடியாமல் போகலாம்; நோபடி என்று தெரிந்தும் எழுத முடியலாம். இரண்டையும் ஒரே பிழையாக நினைத்துத் தேடினால் நாள் முழுதும் வீணாகும்.

அதே ஆத்சிஸ் முறையில் இன்னோர் எல்லை: ஒரு கோரிக்கையோடு 16 துணைக் குழுக்களுக்கு மேல் அனுப்ப இடமில்லை. மேக்கில் ஒரு அட்மின் பயனருக்கு இயங்குதளமே பத்துக்கும் மேற்பட்ட குழுக்களைக் கொடுத்துவிடுகிறது. அதற்கு மேல் திட்டத்துக்கு ஒரு குழு என்று சேர்த்துக்கொண்டே போனால் சில குழுக்கள் உதிர்ந்துவிடும். நேற்றுவரை திறந்த ஃபோல்டர் இன்று திறக்காது. மவுன்ட்டியில் ‘மேனேஜ் ஜிட்ஸ்’ விருப்பத்தை இயக்கினால் கிளையன்ட் அனுப்பும் பட்டியலைத் தள்ளிவிட்டுச் சர்வர் தன்னிடம் உள்ள பட்டியலைப் பார்க்கும். அதற்கு அந்தப் பயனரும் அவருடைய குழுக்களும் சர்வருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி நம் மொழி சம்பந்தப்பட்ட செய்தி. தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு விசித்திரம் நடக்கும்: ஃபோல்டரில் ‘கோயில்’ என்ற கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, அதே பெயரைத் தட்டச்சு செய்து திறந்தால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது லினக்ஸ். ஒருங்குறியில் ஓகார உயிர்மெய்க் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்தும் எழுதலாம். ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் ஔ என்ற எழுத்துக்கும் இதே இரட்டை வடிவம் உண்டு. திரையில் ஒரு வேறுபாடும் தெரியாது. யூடிஎஃப்-8-ல் ‘கோயில்’ முதல் வடிவத்தில் 18 பைட். இரண்டாவதில் 21 பைட்.

மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ், எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பிரித்த வடிவத்துக்கு மாற்றியே சேமித்தது. பின்னர் வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே பெயராகக் கருதுகிறது. லினக்ஸுக்கோ கோப்புப் பெயர் வெறும் பைட்டுகளின் வரிசை. 18-ம் 21-ம் வேறு வேறு. அதனால் பழைய மேக் வட்டிலிருந்து வந்த பெயரும் லினக்ஸில் தட்டச்சு செய்த பெயரும் ஒரே ஃபோல்டரில் இரண்டு ‘கோயில்’களாக அருகருகே உட்காரும். காப்பு நகல் எடுக்கும் நிரல் ஒன்றை அழித்து மற்றொன்றைப் புதிதாக நகலெடுக்கும். தேடல் பாதியைத்தான் காட்டும்.

இதற்கு மூன்று மருந்துகள் உண்டு. மேக்கில் என்எஃப்எஸ் மவுன்ட் செய்யும்போது ‘என்எஃப்சி’ விருப்பத்தைச் சேர்த்தால் சர்வருக்குப் போகும் பெயர்கள் சேர்த்த வடிவில் போகும். ஏற்கெனவே பிரிந்த வடிவில் கிடக்கும் பெயர்களைச் சர்வரில் ‘கன்வ்எம்வி’ என்ற கருவி மாற்றித் தரும். அது முதலில் என்ன மாற்றப்போகிறது என்று காட்டிவிட்டு, நீங்கள் உறுதி சொன்ன பிறகே மாற்றும். ஆர்சிங்க் பயன்படுத்துவோர் அதன் ‘ஐகான்வ்’ விருப்பத்தால் நகலெடுக்கும்போதே மாற்றிக்கொள்ளலாம். ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதில் ள என்ற எழுத்தையே தட்டச்சு செய்த ‘கெளரி’ போன்ற பெயர்களை மட்டும் எந்தக் கருவியும் திருத்தாது; அவற்றைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

நீளமும் கணக்கில் வரும். ஒருங்குறியின் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். லினக்ஸின் எக்ஸ்ட்4-லும் இசட்எஃப்எஸ்ஸிலும் ஒரு பெயருக்கு இயல்பாக 255 பைட்தான் எல்லை. அதாவது 85 குறியீடுகள். மெய்யெழுத்தின் புள்ளியும் ஒரு குறியீடு என்பதால் ஆய்வேட்டின் முழுத் தலைப்பைக் கோப்புப் பெயராக வைப்பவர்கள் இந்த எல்லையை எளிதில் தொட்டுவிடுவார்கள். ஹெச்எஃப்எஸ் பிளஸ்ஸில் 255 குறியீடுகள்வரை இடம் இருந்ததால் மேக்கில் நன்றாக இருந்த கோப்பு லினக்ஸுக்கு வரும்போது ‘ஃபைல் நேம் டூ லாங்’ என்று நிற்கும். மேக்கின் வட்டு வழக்கமாகப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டையும் பார்ப்பதில்லை. பெரிய, சிறிய எழுத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு கோப்புகள் அங்கே ஒன்றாகிவிடும். லினக்ஸ் கெர்னலின் மூல நிரலிலேயே அத்தகைய இணைகள் இருக்கின்றன. புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் குட்டிக் கோப்புகள் சர்வரில் நிறைந்திருந்தால் பயப்பட வேண்டாம். கோப்போடு வரும் கூடுதல் பண்புகளை என்எஃப்எஸ்ஸில் வைக்க இடமில்லாதபோது மேக் அப்படித் தனிக் கோப்பில் எழுதுகிறது.

சிறிய கோப்பு நகர்கிறது, பெரிய கோப்பு பாதியில் உறைகிறது என்றால் பெர்மிஷனைத் தொடவே வேண்டாம். யாரோ ஒரு கணினியில் 9000 பைட் ஜம்போ ஃபிரேமை இயக்கியிருப்பார்கள். நடுவில் உள்ள ஸ்விட்ச்சுக்கு அது தெரியாது. பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 8972 பைட் பிங் அனுப்புங்கள். சிறிய பிங் போய் இது போகாவிட்டால் இடம் கண்டுபிடித்தாயிற்று.

சர்வர் இறங்கியதும் கிளையன்ட்டுகள் உறைந்து நிற்பதைப் பார்த்து ‘சாஃப்ட்’ மவுன்ட்டுக்கு மாறத் தோன்றும். எழுதும் ஃபோல்டர்களுக்கு அதைச் செய்யாதீர்கள். ‘ஹார்டு’ மவுன்ட் சர்வர் திரும்பும்வரை காத்திருந்து வேலையை முடிக்கும். சாஃப்ட் மவுன்ட் பாதி எழுதிய நிலையில் கைவிடும். பிழையைக் கவனிக்காத நிரல் எல்லாம் சரியாக எழுதப்பட்டதாக நினைத்துக்கொள்ளும். லினக்ஸ் கையேடே இதை எச்சரிக்கிறது. பூட்டு கிடைக்காமல் நிரல் உறையும்போது மேக்கில் ‘லோக்கல்லாக்ஸ்’, லினக்ஸில் ‘நோலாக்’ போடுவதும் இதே வகை. பூட்டு அந்தக் கணினிக்குள்ளேயே நின்றுவிடும். இரண்டு பேர் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் எழுதலாம். ஒருவர் உழைப்பு அழியும். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை என்எஃப்எஸ்ஸில் வைக்க வேண்டாம் என்று அதன் ஆவணங்களே சொல்வதற்குப் பூட்டு நம்பகமில்லாததுதான் காரணம்.

‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ வந்தால் கிளையன்ட் பிடித்துவைத்திருந்த கோப்போ ஃபோல்டரோ சர்வரில் நீக்கப்பட்டுவிட்டது, அல்லது அதன் இடத்தில் வேறொன்று வந்துவிட்டது என்று பொருள். அவிழ்த்து மறுபடி மவுன்ட் செய்தால் போதும். நிரலைத் தொகுக்கும் ‘மேக்’ கட்டளை எதிர்கால நேரம் பற்றிப் புலம்பினால் இரு கணினிகளின் கடிகாரங்கள் விலகியிருக்கின்றன; எல்லாவற்றையும் ஒரே என்டிபி சர்வரோடு இணையுங்கள். ஒருவர் சேமித்தது அடுத்தவருக்குச் சில நொடிகள் கழித்துத் தெரிவது பழுதல்ல. லினக்ஸ் கிளையன்ட் கோப்பின் பண்புகளை 3 முதல் 60 நொடிவரை நினைவில் வைத்துக்கொள்கிறது.

இவ்வளவு சரிசெய்த பிறகும் ஆத்சிஸ் முறை கிளையன்ட் சொல்லும் எண்ணை நம்புகிறது என்ற உண்மை மாறாது. மாணவர்களின் மதிப்பெண்ணோ நோயாளிகளின் பதிவோ வைத்திருக்கும் இடத்தில் அது போதாது. கெர்பரோஸ் வழியாக ஆளைச் சரிபார்க்கலாம். ‘கெஆர்பி5பி’ முறை தரவையும் மறையாக்கம் செய்யும். டிஎல்எஸ் வழி என்எஃப்எஸ் 2022-ல் தரப்படுத்தப்பட்டது. ஃப்ரீபிஎஸ்டி 13-ல் அது இருக்கிறது, லினக்ஸுக்கு 2023-ல் வந்தது. மேக் மட்டுமே நிறைந்த அறைக்கு என்எஃப்எஸ்தான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சம்பா சர்வரை அதன் ‘ஃப்ரூட்’ கூறோடு அமைத்தால் ஆளுக்கு ஆள் கடவுச்சொல் வரும், மேக்கின் கூடுதல் பண்புகளும் சிதறாமல் தங்கும்.

நண்பர்களே, இந்த மடல் உங்களிடம் கேட்பது ஒரு தாள். அதில் ஒவ்வொரு பயனருக்கும் கொடுத்த எண், ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்த எண், சர்வர் வழங்கும் பதிப்பு, நிலையாக வைத்த போர்ட்டுகள், என்டிபி சர்வரின் முகவரி, தமிழ்ப் பெயர்களுக்குத் தேர்ந்த எழுத்துவடிவம், எக்ஸ்போர்ட்ஸ் கோப்பின் ஒவ்வொரு வரியும் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு வாக்கியம் ஆகியவை இருக்கட்டும். புதிய மேக் வந்திறங்கும்போது முதல் பயனரை உருவாக்கும் முன் அதைப் பாருங்கள். விடுமுறையில் போகும்போது பொறுப்பேற்பவரிடம் அதைக் கொடுங்கள். ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் ஆய்வகத்தில் இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மவுன்ட் ஆன ஃபோல்டரில் அவர் ஒரு கோப்பைத் திறக்கும்போது 2049-ஆம் போர்ட்டில் போய்வரும் பாக்கெட்டுகளை டிசிபிடம்ப்பில் காட்டுங்கள். கோரிக்கையில் தன் பயனர் எண் அப்படியே எழுதியிருப்பதை அவர் அங்கேயே பார்த்துக்கொள்வார்.

தோழமையுடன்,
உங்கள் உழைப்பை மதிக்கும் ஒரு வாசகர்